அடங்கிய அழுகை

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வேண்டியதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்கே பெரும்பாலும் இதனை எடுத்தாளுகிறோம். ஆனால் இதற்குள் மறைந்து நிற்கும் ஒரு வினாவை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்துவிட்டது. பாலோடு வரவேண்டிய தாய் மட்டும் வரவில்லை. அப்போது அப்பிள்ளை என்ன செய்யும்? இன்னும் சிறிது நேரம் அழும். பிறகு ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிள்ளையைக் கண்டு, "பழகிக்கொண்டது" என்று பெரியவர்கள் நிம்மதி அடைவார்கள்.

அந்த நிம்மதி சரியானதுதானா என்று கேட்கத் துணிந்த சிலரின் வரலாறே இக்கட்டுரை. அறிவியல் முறைப்படி அக்கேள்வி கேட்கப்பட்டு இன்னும் நூறாண்டு நிறையவில்லை.

எனினும் கேள்வி மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி சலிம்பேனே, பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கைப் பற்றித் தமது வரலாற்றுக் குறிப்பில் ஒரு செய்தியைப் பதிந்து வைத்துள்ளார். எவரும் பேசிக் கேளாத குழந்தை இயல்பாக எம்மொழியைப் பேசும், எபிரேயமா, கிரேக்கமா, இலத்தீனா, அரபியா என்று அறிய அரசர் விரும்பினாராம். எனவே சில குழந்தைகளைச் செவிலித் தாயரிடம் ஒப்படைத்து, பாலூட்டலாம், குளிப்பாட்டலாம், ஆனால் கொஞ்சவோ பேசவோ கூடாது என்று கட்டளையிட்டாராம். குழந்தைகள் எம்மொழியும் பேசவில்லை, எல்லாம் இறந்துபோயின. சலிம்பேனே அந்த அரசரை வெறுத்தவர். ஆகவே இச்செய்தி முழுவதும் உண்மைதானா என வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர். நடந்ததோ இல்லையோ, முகமலர்ச்சியும் மழலைப் பேச்சும் இன்றிக் குழந்தை பிழைக்காது என்ற எண்ணம் அக்காலத் துறவி ஒருவரின் உள்ளத்தில் இருந்தது என்பது மட்டும் உறுதி. பின்வந்த அறிவாளர்கள் இதனை மறந்தார்கள்.

கிருமிக்கு அஞ்சிய காலம்

மறதிக்குக் காரணம் கொடுமை அன்று, ஒருவகை நல்லெண்ணமே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிருமிகளைப் பற்றிய அறிவு பரவியது. அநாதை இல்லங்களிலும் குழந்தைகள் மருத்துவமனைகளிலும் கூட்டங்கூட்டமாக மடிந்த சிசுக்களைக் காப்பாற்ற வழி பிறந்ததென மருத்துவர்கள் மகிழ்ந்தனர். கட்டில்களுக்கிடையே தடுப்புகள் எழுந்தன. தொடுதல் குறைந்தது. வெளியிலிருந்து நோயைக் கொண்டு வருபவர்கள் என்று பெற்றோர் வாசலில் நிறுத்தப்பட்டனர். லூதர் எம்மட் ஹோல்ட் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1894இல் வெளியிட்ட கைந்நூல் பல பதிப்புகள் கண்டது. குழந்தையை முத்தமிடுவதையும் மிகுதியாக விளையாட்டுக் காட்டுவதையும் அது தவிர்க்கச் சொல்லிற்று. 1928இல் உளவியலறிஞர் ஜான் வாட்சன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். குழந்தைகளைக் கட்டியணைப்பதும் மடியில் வைத்துக்கொள்வதும் அவர்களைக் கெடுத்துவிடும். காலையில் கைகுலுக்கினால் போதும் என்பது அவர் தாய்மார்க்குத் தந்த அறிவுரை.

இக்கொள்கையை உலுக்கியவர்களுள் முதன்மையானவர் வியன்னாவில் பிறந்த ரெனே ஸ்பிட்ஸ். இவர் இரண்டு நிறுவனங்களில் வளர்ந்த குழந்தைகளை ஒப்பிட்டு 1945இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். அங்குத் தூய்மைக்கும் உணவுக்கும் மருத்துவத்துக்கும் குறைவில்லை. ஆயின் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலி. கட்டிலின் பக்கங்களில் துணி தொங்கவிடப்பட்டிருந்ததால் குழந்தைக்குத் தெரிந்ததெல்லாம் மேற்கூரை மட்டுமே. மற்றொன்று, சிறையிலிருந்த இளம்பெண்களின் குழந்தைகளுக்கான காப்பகம். அங்குத் தாய்மாரே தம் குழந்தைகளைப் பேணினர்.

சிறைக் காப்பகத்துக் குழந்தைகள் நன்கு வளர்ந்தனர். தூய்மையான இல்லத்திலோ 91 குழந்தைகளுள் 34 பேர் இரண்டாண்டுக்குள் மாண்டனர். எஞ்சியவருள் பலர் நடக்கவும் பேசவும் பின்தங்கினர். ஸ்பிட்ஸின் ஆய்வு முறையில் குறைகள் உண்டெனப் பின்னர் அறிஞர் சுட்டிக்காட்டினர், அது நியாயமே. ஆனால் 1947இல் அவர் காட்டிய மௌனப் படத்தில், முதலில் அழுது, பின் அழுகையும் ஓய்ந்து, வெற்றுப் பார்வையுடன் கிடக்கும் அக்குழந்தைகளின் முகங்களைக் கண்டவர்களால் அவற்றை மறக்க இயலவில்லை.

நாற்பத்து நான்கு சிறு திருடர்கள்

அதே காலத்தில் இலண்டனில் ஜான் பௌல்பி என்னும் மனநல மருத்துவர் மற்றொரு வழியாக இதே இடத்தை வந்தடைந்தார். 1907இல் பிறந்த இவர், அரச குடும்பத்து அறுவை மருத்துவரின் மகன். அக்கால மேட்டுக்குடி வழக்கப்படி பணிப்பெண்களிடம் வளர்ந்தவர். தாயைக் காண்பது நாளுக்கு ஒரு மணி நேரம், மாலைத் தேநீருக்குப் பின். தாய்க்கு இணையாகத் தாம் நேசித்த பணிப்பெண் ஒருவர் தமது நான்காம் வயதளவில் வீட்டைவிட்டு நீங்கியதை அவர் முதுமையிலும் மறக்கவில்லை.

குழந்தைகள் வழிகாட்டு மருத்துவமனை ஒன்றில் தம்மிடம் அழைத்துவரப்பட்ட 44 சிறு திருடர்களின் வாழ்க்கையை அவர் நுணுகி ஆராய்ந்தார். அவர்களுள் 14 பேரிடம் யார்மீதும் பாசமோ, தவறு செய்தோமென்ற கூச்சமோ காணப்படவில்லை. அந்த 14 பேரில் 12 பேர் தம் முதல் சில ஆண்டுகளில் நெடுங்காலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள். மற்ற 30 திருடர்களுள் அவ்வாறு பிரிந்தவர் ஐவர் மட்டுமே. திருடாத, ஆனால் வேறு மனக்குறை கொண்ட 44 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவிலோ இருவரே. 1944இல் வெளிவந்த இவ்வாய்வு, குற்றவாளியாக நிற்கும் சிறுவனைப் பார்த்து "இவன் என்ன செய்தான்?" என்று மட்டும் கேளாமல், "இவன் யாரை இழந்தான்?" என்றும் கேட்கக் கற்பித்தது.

இதற்கிடையே உலகப் போர் மூண்டது. 1939 செப்டம்பர் முதல் நாள்களில் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஏறத்தாழ 15 இலட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், பிரித்தானிய நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பௌல்பியும் டொனால்டு வினிக்காட்டும் இமானுவேல் மில்லரும் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு மடல் எழுதி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாயின்றி அனுப்புவது உள்ளத்துக்கு ஊறு செய்யும் என எச்சரித்தனர். 1941இல் இலண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அன்னா பிராய்டும் டாரதி பர்லிங்காமும் இதே முடிவுக்கு வந்தனர். குண்டு விழும் இரவிலும் தாயின் அருகிலிருந்த குழந்தை, பாதுகாப்பான ஊரில் தாயின்றி உறங்கிய குழந்தையைவிட மனவமைதியோடு இருந்ததை அவர்கள் கண்டனர். எனவே தம் இல்லத்துக் குழந்தைகளைச் சிறு சிறு "குடும்பங்களாக"ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பணிப்பெண்ணைத் தாய்போல் அமர்த்தினர். அதுவரை பொதுவில் எல்லாரிடமும் அடங்கி இருந்த குழந்தைகள், இப்போது தமக்கெனக் கிடைத்தவருக்காகச் சண்டையிட்டனர், பொறாமைப்பட்டனர், அழுதனர். அதே வேளையில் அவர்களின் வளர்ச்சியும் விரைந்தது. அழுகை திரும்பி வந்தது நலத்தின் அறிகுறியாயிற்று.

லாராவின் எட்டு நாள்

அந்த இல்லத்தில் கொதிகலனைக் கவனிக்கும் வேலை முதல் பல பணிகளைச் செய்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். கிளாஸ்கோ நகரையடுத்த ஊரில் தொழிலாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர். குழந்தைகளிடம் காண்பதை அவ்வப்போது அட்டைகளில் குறித்துவைக்க வேண்டும் என்பது அங்கு எல்லாப் பணியாளருக்கும் விதி. அதுவே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1948இல் பௌல்பி அவரைத் தம் ஆய்வுக் குழுவில் சேர்த்துக்கொண்டு, மருத்துவமனைக் குழந்தைகளைக் கவனிக்க அனுப்பினார்.

அக்கால மருத்துவமனை விதிகள் இன்று நம்பற்கரியன. இலண்டனின் புகழ்பெற்ற கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி நேரமே பெற்றோர்க்கு அனுமதி. செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலோ முதல் மாதம் முழுவதும் அனுமதி இல்லை. மாலையில் உறங்கும் குழந்தையை மட்டும் எட்டிப் பார்க்கலாம். காரணம் கேட்டால், பெற்றோர் வந்தால் குழந்தை அழுகிறது. வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்று செவிலியர் விடை கூறினர். அவர்கள் கண்ணால் கண்டது அதுவே. அதைப் பொய் என்று எவரும் சொல்ல முடியாது.

ராபர்ட்சன் செய்ததெல்லாம் அவசரமின்றி அருகிலிருந்து நோக்கியதுதான். அவ்வாறு நோக்கியபோது அமைதி என்பது ஒன்றன்று, மூன்று படிகளின் இறுதிப்படி என்று கண்டார். முதலில் குழந்தை கதறுகிறது, கட்டிலை உலுக்குகிறது, ஒவ்வொரு காலடி ஓசைக்கும் திரும்பிப் பார்க்கிறது. இது எதிர்ப்பு. அடுத்து ஒடுங்கிவிடுகிறது; விம்மலும் சோர்வுமாகக் கிடக்கிறது. இது நம்பிக்கை இழத்தல். மூன்றாவதாக மீண்டும் உண்கிறது, சிரிக்கிறது, வருவோர் போவோர் எல்லாரிடமும் ஒட்டிக்கொள்கிறது. தாய் வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதுவே பற்று விடுதல். துறவிக்குப் பற்று விடுதல் தவத்தின் பயன். இரண்டு வயதுக் குழந்தைக்கோ அது வெளியே தெரியாத காயம். இந்த மூன்றாம் படியைத்தான் மருத்துவமனை "பழகிக்கொண்டது" என்று எழுதி வைத்தது.

சொன்னால் எவரும் நம்பவில்லை. எனவே அவர் கையடக்கமான ஒரு திரைப்படக் கருவியை வாங்கினார். வேண்டுமென்றே அழும் குழந்தையைத் தேர்ந்தெடுத்தார் என்ற பழி வாராதபடி, சேர்க்கைப் பட்டியலிலிருந்து குறிவைக்காமல் ஒரு குழந்தையை எடுத்தார். நாள்தோறும் குறித்த வேளையில், சுவர்க் கடிகாரமும் தெரியுமாறு படமெடுத்தார். அந்தக் குழந்தைதான் லாரா. வயது 2 ஆண்டு 5 மாதம். தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள்.

லாரா கதறும் குழந்தை அல்லள். வயதுக்கு மீறிய அடக்கம் உடையவள். அழுகை வரும்போது உதட்டைக் கடித்து, முகத்தைச் சுருக்கி விழுங்கிக்கொள்கிறாள். தன் கரடிப் பொம்மையையும் பழைய துணியையும் இறுகப் பற்றுகிறாள். அம்மா எங்கே என்று இடையிடையே மெல்லக் கேட்கிறாள். சிறிது நேரம் மட்டும் வந்து செல்லும் தாயை, நாள் செல்லச் செல்ல, முகங்கொடாமல் பார்க்கிறாள். வீடு திரும்பும் நாளில் தன் பொருள்களை ஒன்றுவிடாமல் அள்ளிக்கொள்கிறாள். நீட்டிய தாயின் கையை மட்டும் பற்ற மறுக்கிறாள். சில மாதங்கள் கழித்துத் தற்செயலாக அப்படத்தைப் பார்க்க நேர்ந்த லாரா, அவ்வளவு நேரம் நீ எங்கே போனாய் என்று தாயிடம் வெடித்துக் கேட்டு, ஆறுதலுக்குத் தந்தையிடம் திரும்பினாளாம். எட்டு நாள் விழுங்கிய அழுகை எங்கும் போய்விடவில்லை, உள்ளேயே காத்திருந்தது.

1952 நவம்பரில் இலண்டன் அரச மருத்துவக் கழகத்தில் இப்படம் காட்டப்பட்டது. மருத்துவர்களும் செவிலியர்களும் கொதித்தெழுந்தனர். தம் பணியை இழிவுபடுத்துவதாகக் குற்றஞ்சாட்டினர். டெர்மாட் மெக்கார்த்தி என்னும் குழந்தை மருத்துவரும் அவ்வாறே சினந்தார். ஆனால் தம் மருத்துவமனைக்குத் திரும்பித் தலைமைச் செவிலியிடம் இதைக் கூறியபோது, படம் காட்டுவது உண்மைதான் என்று அவர் சொல்லிவிட்டார். அதன்பின் மெக்கார்த்தி தம் பிரிவை நோக்கினார். அதுவரை காணாததைக் கண்டார். ஆமர்ஷாம் ஊரில் அவர் தாய்மாரையும் குழந்தைகளோடு தங்கவைத்தார். அதையே ராபர்ட்சன் 1958இல் இரண்டாம் படமாக எடுத்தார்.

கிருமிப் பயத்துக்கும் விடை ஏற்கெனவே இருந்தது. நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே தாயையும் குழந்தையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். நியூசிலாந்தில் அறுவை மருத்துவர்களான பிக்கரில் தம்பதியர், தாயே தன் குழந்தையைப் பேணினால் நோய்த்தொற்று குறைகிறது எனக் காட்டினர். சான்று இருந்தும் பழக்கம் மாறவில்லை. 1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் எந்நேரமும் வரத் தடை கூடாதென்று பரிந்துரைத்தது. அப்போதும் மருத்துவமனைகள் தயங்கின. 1961இல் இலண்டனின் பேட்டர்சீ பகுதியில் சில தாய்மார் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, ஊர் ஊராகக் கேட்கத் தொடங்கிய பின்னரே கதவுகள் மெல்லத் திறந்தன. அறிவியலை நடைமுறை ஆக்கியவர்கள் இறுதியில் அன்னையரே.

கம்பித் தாயும் துணித் தாயும்

குழந்தை தாயை நாடுவது பாலுக்காகவே என்பது அதுவரை உளவியலார் பலரின் முடிபு. 1958இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹார்லோ இதனை மறுத்தார். பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு அவர் இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று கம்பியாலானது, பால் புட்டி பொருத்தப்பட்டது. மற்றொன்று மென்துணி போர்த்தியது, பால் தராதது. குட்டிகள் பசித்தபோது மட்டும் கம்பியிடம் சென்று குடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே தழுவிக் கிடந்தன. அச்சம் வந்தபோதும் அதனிடமே ஓடின.

ஹார்லோவின் பிந்தைய சோதனைகள் மிகக் கொடியவை. குட்டிகளை மாதக்கணக்கில் தனிமையில் அடைத்துச் சிதைத்தவை. இன்று அவற்றை எந்த நெறிக்குழுவும் எளிதில் ஒப்பாது. அன்பைப் பற்றி அறிய அன்பின்மையைக் கருவியாக்கியது இத்துறையின் வரலாற்றில் அழியாத கறை. ஆயினும் அவற்றால் அறியப்பட்டவற்றுள் ஒன்றைக் குறிப்பிடாதிருக்க முடியாது. தாயின்றித் தம்மொத்த குட்டிகளோடு மட்டும் வளர்ந்தவை, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தொடராக நின்றன. அவை அச்சம் மிக்கவையாயினும், முற்றிலும் தனித்து வளர்ந்தவை போல் அழிந்துபோகவில்லை. 1972இல் ஹார்லோவும் ஸ்டீபன் சுவோமியும் வெளியிட்ட ஆய்வில், தனிமையில் கெட்டுப்போன குட்டிகளைத் தேற்றியவை, அவற்றினும் இளைய குட்டிகளே. வளர்ந்த குரங்குகளால் இயலாததை, அருகே வந்து தொற்றிக்கொண்ட சிறு குட்டிகள் செய்தன.

தாயிடமிருந்து தொலைவு

மேரி எய்ன்ஸ்வொர்த் சோதனைக் கூடத்தை விட்டு வீடுகளுக்குள் சென்றார். 1954-55இல் உகாண்டாவின் சிற்றூர்களில் 26 குடும்பங்களுக்குச் சென்று குழந்தைகளை நோக்கினார். தவழும் குழந்தை தாயை விட்டு நகர்ந்து செல்கிறது. சற்றுத் தொலைவில் நின்று திரும்பிப் பார்க்கிறது. தாய் இருக்கிறாள் என்று கண்டு மேலும் செல்கிறது. அச்சம் தோன்றினால் ஓடி வருகிறது. தாயன்பு குழந்தையைக் கட்டிப் போடுவதன்று, அதனை உலகிற்குள் அனுப்புவது என்று அவர் உணர்ந்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களை, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 72 மணி நேரம், முதலாண்டு முழுவதும் கவனித்தார். ஆண்டிறுதியில் தாய் சில நிமிடம் அறையை விட்டுச் சென்று திரும்பும் ஓர் எளிய சோதனையை நடத்தினார்.

பிரிவில் அழுதாலும் தாய் திரும்பியதும் தேறி விளையாடச் சென்ற குழந்தைகளே பெரும்பான்மையர். அவர்களின் தாய்மார் அழுகைக்குச் செவிகொடுத்தவர்கள். சில குழந்தைகள் எளிதில் தேறவில்லை. வேறு சிலர் தாய் சென்றபோதும் அழவில்லை, வந்தபோதும் பொருட்படுத்தவில்லை. தன்னம்பிக்கை மிக்கவர்கள் என்றே எவரும் இவர்களை எண்ணுவர். ஆனால் 1977இல் ஆலன் சுரூபும் எவரெட் வாட்டர்சும் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாக இருந்த குழந்தைகளின் உள்ளம் மற்றவர்களைப் போலவே பதறுவது தெரிந்தது. செவிலியரின் "பழகிக்கொண்டது" என்ற சொல்லுக்கு இதயத் துடிப்பே மறுப்பு எழுதியது.

ஆறு பேர்

தாயே எல்லாம் என்றால், தாயே இல்லாத குழந்தைக்கு மீட்பு உண்டா? இக்கேள்விக்கு வரலாறே கொடிய முறையில் ஒரு விடையைத் தயாரித்து வைத்திருந்தது.

நாசிகள் அமைத்த தெரேசியன்ஸ்டாட் முகாமில், தாயற்ற குழந்தைகளுக்கென ஒரு பிரிவு இருந்தது. யூதப் பெற்றோர்க்குப் பிறந்த மூன்று சிறுவரும் மூன்று சிறுமியரும், பெற்றோர் கொல்லப்பட்டபின், முதல் வயது நிறையும் முன்னரே அங்குக் கொண்டுவரப்பட்டனர். பேணியவர்களும் கைதிகளே, பசியால் வாடியவர்கள், எப்போது வேறு முகாமுக்கு அனுப்பப்படுவோம் என்று அறியாதவர்கள். எனவே அக்குழந்தைகளுக்கு நிலையாக இருந்தவர்கள் அவர்களே ஒருவருக்கொருவர். 1945 மே மாதம் முகாம் விடுவிக்கப்பட்டது. ஆகஸ்டில் ஏறத்தாழ 300 குழந்தைகளோடு அவர்களும் இங்கிலாந்துக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டனர். அக்டோபரில் சசெக்ஸ் மாவட்டத்தில் புல்டாக்ஸ் பேங்க் என்ற வீட்டில் இந்த ஆறு பேருக்கும் தனி இல்லம் அமைந்தது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து வந்த யூதச் சகோதரியர் சோபி டான், கெர்ட்ரூட் டான் அவர்களைப் பேணினர். அன்னா பிராய்டு வழிநடத்தினார். 1951இல் அவரும் சோபி டானும் வெளியிட்ட அறிக்கை இன்றும் படிப்போர் நெஞ்சைத் தொடுவது.

மூன்று நான்கு வயதே ஆன அக்குழந்தைகள் முதல் நாள்களில் பொம்மைகளை உடைத்தனர். பெரியவர்களைக் கடித்தனர், உமிழ்ந்தனர். பெரியவர் என்பவர் அவர்களுக்கு அன்னியர். ஆனால் தமக்குள் அவர்கள் கொண்டிருந்த பரிவு வியப்பூட்டியது. ஒருவரைப் பிரித்து வேறிடம் அழைத்துச் சென்றால், சென்றவரும் நிம்மதி கொள்ளார். இருந்தவரும் ஓயாது கேட்பர். உணவு வந்தால் தாம் உண்பதைவிட அடுத்தவர்க்குக் கிடைத்ததா என்பதே முதல் கவலை. முறைவைத்துக் கொள்ள எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தலைவன் என்று ஒருவனும் இல்லை. காட்டுவழியில் நடந்தால் பின்வருபவர்க்காகக் கிளைகளை விலக்கிப் பிடித்தனர்; ஒருவர் மேலாடையை மற்றவர் சுமந்தனர். பிரைட்டன் கடற்கரையில் அலைக்கு அஞ்சி விலகி நின்ற சிறுவன் ஒருவன், அலை ஓரத்தில் கல்லெறிந்து கொண்டிருந்த தோழியை நோக்கி அலை வருவதைக் கண்டதும், தன் அச்சத்தையும் மறந்து ஓடி அவளைப் பின்னால் இழுத்து வந்தான்.

வீட்டில் உடன்பிறந்தாரிடையே காணும் பொறாமை அவர்களிடம் ஏறத்தாழ இல்லை. போட்டியிட்டுப் பெறவேண்டிய பெற்றோர் இல்லையே! இது ஓர் அழகும் ஆகும். ஆற்றொணாத் துயரமும் ஆகும். நாளடைவில் அவர்கள் பெரியவர்களையும் ஏற்றனர். அதுவும் தம் வழியிலேயே: அத்தையருக்கும் பங்கு வேண்டும், அவர்களுக்கும் முறை வேண்டும் என்று தம் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டனர். அக்குழந்தைகள் அமைதியற்றவர், எளிதில் புண்படுபவர், கையாளக் கடினமானவர் என்று அறிக்கை மறைக்காது கூறுகிறது. ஆயினும் அவர்கள் அறிவு குன்றியவரோ மனம் பிறழ்ந்தவரோ அல்லர். ஒருவர்மீது ஒருவர் வைத்த அன்பே அவர்களைத் தாங்கியது என்பது அதன் முடிபு. முகாம்களிலிருந்து மீண்ட குழந்தைகளுள் சிலரை வளர்ந்தபின் சந்தித்து சாரா மாஸ்கோவிட்ஸ் 1983இல் எழுதிய நூல், அவர்களின் காயங்களோடு, தளராத வாழ்வார்வத்தையும் பதிவு செய்தது.

தோழமை என்பது குடும்ப அன்பின் எச்சம் மட்டுமன்று, தனியான ஓர் ஊற்று என்பதை வேறு சிலரும் கூறினர். நியாயம் என்பதைப் பிள்ளைகள் கட்டளையால் அல்ல, கோலிக்குண்டு ஆடும்போது தமக்குள் விதியைப் பேசி முடிவு செய்வதாலேயே கற்கிறார்கள் என ழான் பியாஜே 1932இல் எழுதினார். மினசோட்டாவில் சுரூபும் அவருடைய குழுவினரும் 1970களில் தொடங்கிப் பல்லாண்டு நடத்திய ஆய்வோ, இரு ஊற்றுகளும் ஒன்றோடொன்று கலப்பதைக் காட்டியது. கைக்குழந்தையாக இருந்தபோது தாயிடம் உறுதியான பிணைப்புக் கொண்டவர்கள், பின்னாளில் தோழர்களோடும் எளிதாக இசைந்தனர்.

ஆய்வு கற்ற பணிவு

இவ்வறிவே ஒரு சுமையாகவும் மாறியதுண்டு. பௌல்பி 1951இல் உலக நலவாழ்வு நிறுவனத்துக்கு அளித்த அறிக்கை பல நாடுகளில் குழந்தை இல்லங்களைத் திருத்தியது. அதே அறிக்கை, வேலைக்குச் செல்லும் தாய்மார்மீது குற்றவுணர்வை ஏற்றவும் பயன்படுத்தப்பட்டது. 1964இல் ருடால்ப் ஷாபரும் பெக்கி எமர்சனும் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை ஆராய்ந்து, ஒன்றரை வயதிற்குள் பெரும்பாலோர் தாயோடு தந்தை, பாட்டி, உடன்பிறந்தார் எனப் பலரிடம் பற்றுக் கொள்கின்றனர் எனக் காட்டினர். 1972இல் மைக்கேல் ரட்டர், பிரிவு வேறு, பிணைப்பே ஏற்படாதிருத்தல் வேறு, குடும்பப் பூசல் வேறு என்று தெளிவுபடுத்தினார். குழந்தைக்கு வேண்டியது குறையற்ற தாய் அன்று. அதன் அழுகையைத் தமதாகக் கருதும், மாறாது நிற்கும் சிலர்.

அப்படி ஒருவரும் இல்லாத நிலையை உலகம் 1989 டிசம்பருக்குப் பின் ருமேனியாவில் கண்டது. சௌசெஸ்கு ஆட்சியின் இல்லங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். உள்ளே சென்றவர்களைத் திகைக்க வைத்தது அங்கு நிலவிய அமைதி. நிறைந்த கூடங்களில் சிசுக்கள் அழவில்லை. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்டிருந்தனர். இங்கிலாந்தில் தத்தெடுக்கப்பட்ட 165 ருமேனியக் குழந்தைகளை ரட்டர் குழுவினர் வளரும்வரை தொடர்ந்தனர். ஆறு மாதத்திற்குள் மீட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நன்கு தேறினர். அதன்பின் வந்தவர் பலரிடம் தொல்லைகள் இளமை கடந்தும் நீடித்தன. ஆயினும் அவர்களுள்ளும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் குறையின்றி வளர்ந்தார். புக்கரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஆய்வு 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, வளர்ப்புக் குடும்பம் எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ அவ்வளவுக்கு மீட்சி என்று நிறுவியது. 2004இல் ருமேனியா இரண்டு வயதுக்குட்பட்டோரை இல்லங்களில் சேர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது.

வாசக அன்பர்களே, இவ்வரலாற்றில் கொடியோர் சிலரே. தூய்மையைப் பேணிய மருத்துவர், ஓயாது உழைத்த செவிலியர், நூல் பார்த்து வளர்த்த தாய் ஆகிய எல்லாரும் நல்லவர்கள். அவர்கள் செய்த தவறு ஒன்றே: தமக்கு வசதியான அமைதியைக் குழந்தையின் அமைதி என்று எண்ணிக்கொண்டனர். இத்தவறு எந்த நாட்டுக்கும் காலத்துக்கும் மட்டும் உரியதன்று. விடுதியில் சேர்ந்த முதல் வாரம் அழுது, இரண்டாம் வாரம் அடங்கிய சிறுமியிடம். தந்தை இறந்தபோது "பெரிய மனிதன்போல்" நின்ற சிறுவனிடம். புதுத் தம்பி பிறந்ததும் தொல்லை கொடுக்காமல் ஒதுங்கிய மூத்த பிள்ளையிடம் நாம் சற்றே அமர்ந்து நோக்க வேண்டும். ஓடிப்போய் அறிவுரை கூற வேண்டியதில்லை. ராபர்ட்சன் செய்தது அதுவன்று. அவர் அருகில் இருந்தார், அவசரமின்றிப் பார்த்தார், கண்டதை நம்பினார்.

அத்துடன், அப்பிள்ளையின் பக்கத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகளையும் நாம் மதிக்க வேண்டும். நாம் போய்ச் சேருமுன்பே, அலைக்கு அஞ்சிய ஒரு சிறுவன் ஓடிச் சென்று தோழியின் கையைப் பற்றி இழுத்திருக்கக் கூடும்.